வேர் பிடித்த கூடாரம்

புத்தாண்டுக் கூட்டம் பாட்டில்களைப் போட்டுவிட்டு இறங்கிப் போன பிறகு கரடிமேட்டு எஸ்டேட்டுக்குச் சித்திரை வரைக்கும் யாரும் வருவதில்லை. அந்த மூன்று மாதமும் மலை பனிக்கும், பனிக்குப் பயப்படாத காட்டெருமைக்கும், பயப்பட வசதியில்லாத தொழிலாளிக்கும் மட்டுமே சொந்தம். சொந்தம் என்றால் பட்டாவில் எழுதிய சொந்தம் அல்ல, விறகு பொறுக்கவும் விறைத்துப் போகவும் உள்ள சொந்தம்.

தேயிலையில் லாபம் இல்லை என்று கம்பெனி சொல்லத் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒன்பதாம் நம்பர் காட்டில் இருந்த செடிகளை வேரோடு தோண்டி எடுத்து, மண்ணைச் சமமாக்கி, நாற்பது கூடாரங்கள் அடித்து, சீசனில் நகரத்து ஆட்களை ஏற்றிவந்து, விறகு மூட்டி, பாட்டுப் போட்டு, ‘இயற்கையின் மடியில்’ என்று பலகை வைத்தார்கள். பனி தொடங்கியதும் அந்த நாற்பதையும் சுருட்டி, ஆலையில் இலை வாட்டும் மாடியில் அடுக்கிப் பூட்டிவிட்டு, மேனேஜர் நரேஷ் துரை இயற்கையின் மடியிலிருந்து எழுந்து கீழே போய்விடுவார். மேனேஜரை அந்த மலையில் இன்றைக்கும் துரை என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் போனான், சொல்லை எடுத்துப்போக மறந்துவிட்டான்.

லூர்தம்மாள் அந்த எஸ்டேட்டின் நாற்றங்காலில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவள். தாய்ச்செடியில் ஒரு இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டாகப் பார்த்து வெட்டி, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஊன்றி, நிழல் கட்டி, நீர் தெளித்து, வேர் விடும்வரை காத்திருப்பது அவள் தொழில். அந்த மலைச்சரிவில் இன்று நிற்கும் செடிகளில் பாதி அவள் விரல் பட்டு நின்றவை. அவள் பிறந்தது, லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீடுகளில், மூன்றாம் லயத்து ஐந்தாம் நம்பர் வீட்டில், மணமுடித்து வந்ததும் அதே லயத்து எட்டாம் நம்பர் வீட்டுக்கு, அதாவது மூன்று கதவு தள்ளி. நாலு தலைமுறைக்கு முன்னால் கூலிக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஒருவன் ராமநாதபுரத்துப் பஞ்சத்திலிருந்து கூட்டிவந்த குடும்பம். அங்கே விட்டுவந்த ஊரின் பெயர் கூட இப்போது யாருக்கும் நினைவில்லை. ஐம்பத்தெட்டு முடிந்தால் வேலை முடிந்தது, வேலை முடிந்தால் பதினைந்து நாளில் வீடும் முடிந்தது என்பது எஸ்டேட் சட்டம். லூர்தம்மாளுக்கு ஜனவரி முப்பத்தொன்றோடு ஐம்பத்தெட்டு முடிகிறது. மகள் திருப்பூரில் ஒரே அறையில் ஆறு பேரோடு இருக்கிறாள், எட்டாவது பாய் விரிக்க அங்கே இடமில்லை.

மனு கொடுக்காமல் இல்லை. கொடி பிடித்து, கோஷம் போட்டு, லாரியில் ஏற்றப்பட்டு, மண்டபத்தில் அடைக்கப்பட்டு, துண்டுப் பிரசுரங்களைப் படித்துப் படித்தே எழுத்துக் கற்றுக்கொண்டவள் அவள். மனு கொடுத்தால் மனுவுக்கு ஒரு நம்பர் கிடைக்கும், மனுசனுக்கு ஒன்றும் கிடைக்காது என்பதை முதல் மனுவிலேயே தெரிந்துகொண்டு, அதன் பிறகும் பதினெட்டு மனு கொடுத்தாள். கேட்கவே இல்லையே என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது, அதற்காக.

ஜனவரி முதல் வாரத்தில், வெயில் சாய்கிற நேரத்தில், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவந்து நாற்றங்கால் வேலியோரம் நின்றது. பின்னால் கட்டியிருந்த மூட்டை, சாயம் போன ஆரஞ்சு நிறக் கூடாரம். வந்தவன் பெயர் தனபால், நாற்பத்தைந்து வயது, சேலத்தில் லிஃப்ட் மெக்கானிக்.

“கேம்ப் மூடிட்டாங்களாக்கா?”

“கேம்ப் என்ன, எஸ்டேட்டையே பாதி மூடியாச்சு. வழி தவறி வந்துட்டீகளா?”

“தெரிஞ்சேதான் வந்தேன். எனக்கு வருசத்துல இந்த நாலு நாளுதான் லீவு குடுப்பாங்க. சேலத்துல வருசம் பூரா ஆளுங்கள மேல ஏத்தி எறக்குறேன், நான் மேல வர்றது இப்பத்தான்.”

“இந்தப் பனியிலயா? வெறைச்ச மீனு மாதிரி ஆயிருவீக.”

“சீசன்ல வந்தா மலை கல்யாண வீட்டுக்கு அலங்காரம் பண்ணிட்டு நிக்குதுக்கா. இப்ப வந்தாத்தான் வீட்டுல இருக்குற மாதிரி இருக்கும்.”

லூர்தம்மாளுக்கு அந்தப் பேச்சுப் பிடித்தது. முகாம் இடத்துக்குப் போகாதே, அங்கே மண் செத்துப்போய்விட்டது, காற்றும் முகத்தில் அறையும் என்று சொல்லி, நாற்றங்காலின் ஓரத்தில், செம்மண்ணும் மணலும் சாணமும் கலந்து அவளே புரட்டிப் போட்டிருந்த பாத்தியைக் காட்டினாள். அவன் எட்டு ஆப்பும் அடித்து, கயிறு இழுத்துக் கட்டி, அவள் கொடுத்த பால் விடாத கட்டங்காப்பியைக் குடித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்வார்கள். தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே அந்த வருடம் பனி தரையைத் துளைக்க வந்துவிட்டது. விடிந்தபோது உப்பளம் போல மலை வெளுத்துக் கிடந்தது. கூடாரத்தைப் பிரிக்கப் போன தனபால் முதல் ஆப்பை ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. பனியில் இறுகியிருக்கும் என்று வெயில் ஏறும்வரை காத்திருந்து, கயிற்றை மோட்டார் சைக்கிளில் கட்டி முறுக்கினான். சக்கரம் சுற்றியது, மண் பறந்தது, கூடாரம் வரவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த லூர்தம்மாள் வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, மண்டியிட்டு, ஆப்பின் அடியில் ஒரு விரலால் மண்ணை விலக்கினாள். இரும்பு முடிந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று சல்லிவேர் ஓடியிருந்தது. அவள் அதை மறுபடி மண்ணால் மூடி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு எழுந்தாள்.

“பிடிச்சிருச்சு,” என்றாள்.

“என்னக்கா பிடிச்சிருச்சு?”

“வேரு. நல்ல வேரு. இனிமே ஆட்டாதீக, அறுந்துரும்.”

தனபால் கொஞ்ச நேரம் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பன்னிரண்டு வருடம் அவனோடு காட்டிலும் மேட்டிலும் அலைந்த கூடாரம் அது. மூன்றாம் நாள் அவன் லீவு முடிந்தது. “பிடுங்கிட்டுப் போனா அதுவும் சாகும், எனக்கும் இல்லாமப் போகும். நீங்களே வச்சுக்கங்க. அலைஞ்சது போதும்னு அதுக்கே தோணியிருக்கும்போல,” என்று சொல்லி, அதன் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

பொங்கலன்று கூடாரம் கிழக்குப் பார்த்து ஒரு சன்னல் வைத்தது. பழைய துணி ஆரஞ்சு, புதிதாக வந்தது தேயிலைக் கொழுந்தின் இளம்பச்சை. சன்னல் வலை இலை நரம்பைப் போல நுணுக்கமாக இருந்தது. அடுத்த வாரம் வாசலில் இருந்த ஜிப்புக்குக் கீழே இன்னொரு ஜிப் புறப்பட்டது. பால்பல் முளைப்பது போல ஒவ்வொரு பல்லாக, விட்டு விட்டு. தை பாதிக்கு வந்தபோது பின்பக்கம் ஒரு சமையலறை துளிர்த்து, புகை போக ஓட்டையும் தானே விட்டுக்கொண்டது.

லயத்து ஜனங்கள் வந்து பார்த்தார்கள். அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. நாலு தலைமுறையாக எதை ஊன்றினாலும் முளைக்கவைத்த கைகள் அவை, முளைத்ததை நம்ப அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. இதற்கு என்ன உரம் போடுவது என்பதில்தான் சண்டை வந்தது. ஆலைச் சாம்பல் என்றது ஒரு கட்சி, ஆட்டுப் புழுக்கை என்றது இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் தன் பங்குக்கு மீன் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, சன்னலுக்குச் சதை பிடிக்கும் என்றாள். கோயில் பூசாரி ஒரு கயிற்றில் மஞ்சள் துணி கட்டினார், மாதம் ஒருமுறை வரும் சர்ச் சாமியார் மறு கயிற்றில் தீர்த்தம் தெளித்தார். தொழிற்சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் இந்தக் கூடாரம் தற்காலிகமா நிரந்தரமா என்று ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. தற்காலிகம் என்றே பதினெட்டு வருடம் வேலை பார்த்த ஒருவர் எழுந்து, வேர் விட்டபிறகும் தற்காலிகம் என்று சொல்ல இது என்ன கம்பெனியா என்று கேட்டதும் விவாதம் முடிந்தது. வெள்ளாடு ஒன்று வாசல் துணியில் ஒரு வாய் கடித்துவிட்டு இரண்டு நாள் மழைக்கோட்டு வாசனையோடு பால் கறந்தது, அதற்குப் பிறகு சுற்றிலும் முள் வைத்தார்கள்.

லூர்தம்மாள் அவர்களைப் பேசவிட்டுவிட்டு, ஒரு காலையில், பனி உருகும் முன்னால், சவரக்கத்தியும் ஈரச்சாக்கும் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள். துணியில் இரண்டு தையல் சந்திக்கிற இடம்தான் கணு என்று அவள் விரல் கண்டுபிடித்தது. ஒரு கணு, ஒரு வளையம், நாலு விரல் துணி. அப்படி இருபத்தாறு துண்டு எடுத்துப் பையில் ஊன்றி, நிழல் வலைக்குக் கீழே வரிசை வைத்தாள். தேயிலை வேர் பிடிக்க மாதக்கணக்கில் காக்கவேண்டும். கூடாரம் பதினோரு நாளில் பிடித்தது. பனி பெய்யப் பெய்ய வளர்ந்தது. மற்ற பயிரெல்லாம் கருகுகிற காலம், முகாமுக்கு ஆள் வராத காலம், துரைகள் கீழே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிற காலம்தான் அதன் பருவம் என்று அவளுக்குப் புரிந்தது. குடை அளவு வந்ததும் பையைக் கிழித்து, நாற்றங்காலுக்கு மேலே வெறுமனே கிடந்த சரிவில், தேயிலைக்கு விடுகிற இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு விட்டு நட்டாள்.

பிப்ரவரி பதினைந்தாம் தேதி காலை லூர்தம்மாள் எட்டாம் நம்பர் வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, பூட்டி, சாவியை எஸ்டேட் ஆபீசில் கொடுத்தாள். கொடுத்ததற்குச் சீட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு சட்டி, மாதா படம், கட்டுக்கட்டாகப் பிரசுரங்கள், எல்லாவற்றையும் பேச்சியம்மாளும் அவளுமாகத் தூக்கிவந்து கூடாரத்தில் வைத்தார்கள்.

இரண்டே நாளில் துரை ஜீப்பில் ஏறிவந்தார். காதுவரை குல்லாய், கைக்கு உறை, மூக்கு மட்டும் வெளியே சிவந்திருந்தது. முன்னால் பெரிய ஓட்டலில் வேலை பார்த்த மனிதர், செடியைப் பற்றிக் கோப்பைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

“என்ன லூர்தம்மா இது?”

“வீடு, துரை.”

“வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுத்தோமே.”

“காலி பண்ணிட்டனே. சாவி ஆபீஸ்ல இருக்கு, சீட்டு இந்தா இருக்கு.”

“இது எஸ்டேட் மண்ணு.”

“மண்ணு உங்களுது. நான் இல்லேங்கலயே.”

“இந்த மண்ணுல முளைச்சது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்.”

“அப்பச் சரி. நானும் இங்கனதான் முளைச்சேன், அஞ்சாம் நம்பர் வீட்டுல. என்னையும் எழுதி வச்சுக்கங்க. சாகுற மட்டும் கம்பெனிதான் சோறு போடணும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள், அது இன்னும் சத்தமாகக் கேட்டது. துரைக்கு மூக்கோடு சேர்த்துக் கன்னமும் சிவந்தது. ஜீப்பில் கயிற்றைக் கட்டச் சொன்னார். டிரைவர் கட்டி இழுத்தான். ஜீப்பின் முன்கம்பி கழன்று வந்தது, கூடாரம் வரவில்லை. துரை கம்பியைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார், பிறகு கவாத்து ஆட்களைக் கூப்பிடச் சொன்னார்.

கவாத்து ஆட்கள் என்றால் செடி வெட்டுகிறவர்கள். தேயிலையை அப்படியே விட்டால் அது மரமாகிவிடும். நாலு வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்தில் மொட்டையடிக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தலைவன் சவரிமுத்து, லூர்தம்மாளின் செத்துப்போன புருசனுக்குத் தம்பி. சீசனில் முகாமில் விறகு தூக்கவும் பாத்திரம் கழுவவும் அந்தப் பன்னிரண்டு பேருக்கும்தான் வேலை. வெட்டாதவனுக்கு இந்தச் சீசனில் வேலை கிடையாது என்று துரை ஒரே வரியில் முடித்தார். ஆட்கள் கத்தியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். லூர்தம்மாளின் சாமான்களைப் பேச்சியம்மாளும் இன்னும் இரண்டு பேரும் வெளியே எடுத்து வைத்தார்கள்.

“மதினி,” என்றான் சவரிமுத்து. “எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக.”

“அடுத்த வருசம் ஒனக்கும் அம்பத்தெட்டு. அத மறந்துட்டியா?”

“மறக்கல.”

“அப்பறம் என்னா மயித்துக்கு நிக்கிற, வெட்டு. துரைமாரு கையில எந்தக் காலத்துல கத்தி இருந்துச்சு? நம்ம கழுத்துக்கு நம்ம கைதான.”

இதைச் சொல்லிவிட்டு அவள் நாற்றங்கால் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தாறு வருடத்தில் எத்தனையோ தடவை கைதாகியிருக்கிறாள், அடி வாங்கியிருக்கிறாள், அப்போதெல்லாம் ஒருமுறைகூட முதுகைத் திருப்பி உட்கார்ந்ததில்லை. இன்றைக்குத் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு பேரும் மதியத்திலிருந்து வெயில் போகும்வரை வெட்டினார்கள். தாய்க் கூடாரத்தையும் சரிவில் இருந்த இருபத்தாறையும் வெட்டினார்கள். கத்தி விழும் சத்தம் மட்டும் ஒரே தாளத்தில் கேட்டது. கவாத்துக்காரன் உடம்பு கத்தியோடு ஒரு தடவை வளைந்துவிட்டால் அப்புறம் அது பாட்டுக்குத்தான் போகும், மனசு எங்கே இருந்தாலும். வெட்டி முடித்ததும் வழக்கப்படி கழித்த துணிகளை அள்ளி, வெட்டிய கட்டைகளின் மேலேயே பரப்பிவிட்டு, கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் லயத்துக்குப் போனார்கள். துரை மொட்டைச் சரிவைப் போனில் படம் எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, குளிர் தாங்காமல் அன்றைக்கே இறங்கிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் லூர்தம்மாள் எழுந்து போனாள். பிணத்தைப் பார்க்கப் போகிறவள் போலத்தான் போனாள். பரப்பியிருந்த கந்தலை ஒரு கையால் விலக்கினாள். விலக்கிய கை அப்படியே நின்றது.

வெட்டு முழங்கால் உயரத்தில் இருந்தது. மேட்டுப் பக்கம் பார்த்துச் சாய்ந்து, தண்ணீர் தங்காமல் வழிகிற மாதிரி, ஒரு பிசிறு இல்லாமல், ஒரே வீச்சில் விழுந்த வெட்டு. கோணிய கம்பும் நோயான துணியும் உள்ளிருந்து துப்புரவாக எடுக்கப்பட்டிருந்தன. நாலு கை மட்டும் நாலு பக்கம் விரிந்து நிற்கவிட்டு, நடுவில் வெளிச்சம் இறங்க வழி வைத்திருந்தார்கள். வெயில் சுடாமல் மேலே தழை மூடுவது போலக் கழித்த துணியும் மூடியிருந்தது. அடுத்ததைப் பார்த்தாள், அதற்கு அடுத்ததைப் பார்த்தாள், இருபத்தேழையும் பார்த்து முடிக்கும்போது பொழுது நன்றாக விடிந்திருந்தது. தேயிலையைக் கொல்ல வேண்டுமானால் வேரைத் தோண்ட வேண்டும். ஒன்பதாம் நம்பர் காட்டில் அதை மெஷின் வைத்து வெளியாட்கள்தான் செய்தார்கள். இந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவர்கள் அப்பன்மாருக்கும் வாழ்நாளில் ஒரே ஒரு வெட்டுத்தான் தெரியும், அது வளர்ப்பதற்கான வெட்டு.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. விசயம் வெளியே கசிந்தால் ஜீப்பிலும் ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பேச்சியம்மாள் வீட்டில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு, பகலெல்லாம் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் துக்கமாகவே பேசினாள், துக்கம் கேட்டவர்கள் கொண்டுவந்த இட்லியைத் தின்றாள்.

ஏழாம் நாள் சவரிமுத்து தானே வந்தான். கண் உள்ளே போயிருந்தது.

“மதினி, ஒரு வாரமா சோறு எறங்கல. ஒங்க கால்ல விழுகத்தான் வந்தேன்.”

“கால்ல அப்பறம் விழுகலாம், இங்கிட்டு வா.”

கூட்டிப்போய்க் கந்தலை விலக்கிக் காட்டினாள். வெட்டுவாய்க்குக் கீழே, கணுவுக்கு நாலாக, பச்சைப்பயறு அளவில் மொட்டுக் கட்டியிருந்தது. ஒவ்வொரு மொட்டிலும் மடித்த துணியின் நுனி தெரிந்தது. சவரிமுத்து குனிந்து ஒரு மொட்டை விரல்நுனியால் தொட்டான்.

“நான் கொல்லத்தான் வெட்டுனேன் மதினி. மாதா மேல சத்தியமா. தப்பிக்க வைக்கணும்னுலாம் நெனைக்கவே இல்ல.”

“எனக்குத் தெரியாதா? நீ கொல்லத்தான் வெட்டுன. ஒங் கைக்கு அது தெரியல.”

அவன் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பவன் போல. பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான்.

“மூணாவது வரிசையில ஒண்ணு பிசிறடிச்சிருக்கு, எவன் வெட்டுனது?” என்றாள் லூர்தம்மாள்.

“அது செல்லையா மதினி. அவனுக்கு அன்னைக்கு அழுகை.”

“அழுதா கத்திய கீழ வச்சிட்டு அழுகச் சொல்லு. தொழில்னா தொழில்.”

பிறகு மாசிப்பனி மச்சைத் துளைக்க இறங்கியது. துளைக்கட்டும் என்று விட்டதும் மொட்டெல்லாம் உடைந்தது. ஒன்று நாலாக, நாலு பதினாறாக, சரிவு முழுக்க இளம்பச்சைத் துணி விரிந்து விரிந்து, காற்றில் விம்மி, கயிறுகள் தாமாக நீண்டு போய்த் தாமாக மண்ணைப் பிடித்தன. கவாத்து ஆட்கள் பன்னிரண்டு பேரும் இப்போது கூப்பிடாமலே வந்தார்கள். ஒரே மட்டமாகக் கிள்ளிவிட்டால்தான் கூரை பரவும் என்று பெண்கள் காட்டிக்கொடுக்க, கொழுந்து பறித்த விரல்கள் கூரை கிள்ளின. ஐம்பத்தெட்டை நெருங்கியவர்களுக்கு முதலில், நோயாளி இருக்கிற வீட்டுக்கு அடுத்து, பிறகு புதிதாக மணமானவர்களுக்கு என்று லூர்தம்மாள் வரிசை போட்டாள். சண்டை வந்தது, ஏசிக்கொண்டார்கள், பேச்சியம்மாள் கிழக்குச் சன்னல்தான் வேண்டுமென்று மூன்று நாள் பேசாமல் இருந்து வாங்கினாள். லயத்துச் சாவிகள் ஒவ்வொன்றாக ஆபீசுக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் மறக்காமல் சீட்டு வாங்கினார்கள். ஆபீஸ் குமாஸ்தா சாவி மாட்ட ஆணி போதாமல் புது ஆணி அடித்தார், துரைக்குப் போன் பண்ணி, எல்லாரும் தாமாகவே வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். துரையும் மகிழ்ந்தார். ஏன் என்று கேட்கும் பழக்கம் அந்தப் பதவியில் இல்லை.

பங்குனி கடைசியில் சீசனுக்கு ஏற்பாடு செய்ய நரேஷ் துரை ஏறிவந்தபோது மலையில் வானம் கறுத்திருந்தது. ஜீப்பை ஆலையில் விட்டுவிட்டு ஒன்பதாம் நம்பர் காட்டைப் பார்க்க நடந்தவர், நாற்றங்கால் திருப்பத்தில் நின்றுவிட்டார். எதிர்ச்சரிவில் ஒரு ஊர் இருந்தது. தேயிலைக் காட்டைப் போலவே ஒரே மட்டமாக, ஒரே பச்சையாக, நடுவில் நடைபாதை விட்டு, ஒவ்வொரு கூரையிலும் புகை எழும்ப ஒரு ஊர். அதன் முதல் வாசலில் லூர்தம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க துரை. குளிரு போயிருச்சா?”

“வெட்டினேனே,” என்றார் துரை. “எல்லாத்தையும் வெட்டினோமே. போட்டோ இருக்கு.”

“வெட்டுனீக. நல்லாத்தான் வெட்டுனீக.”

“மறுபடி வெட்டச் சொல்வேன்!”

மேலே கூரையைக் கிள்ளிக்கொண்டிருந்த சவரிமுத்து எட்டிப் பார்த்தான். “சொல்லுங்க துரை, கத்தி தீட்டித்தான் இருக்கு. ஆனா நாலு வருசத்துக்கு ஒருக்காதான் கவாத்து எடுக்கணும், அதுக்கு முன்னால எடுத்தா செடி களைச்சிரும். கீழ் டிவிசன்காரவுகளும் வீடு கேட்டுருக்காக. நீங்க ஒரு உத்தரவு போட்டா, வெட்டுன துண்டு ஊனி நட அவுகளுக்கும் ஆகும்.”

சரிவு முழுக்கச் சிரித்தது. துரை பதில் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் ஆலங்கட்டி விழுந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு மலையே கல்லெறிகிற மாதிரி. கூடாரங்கள் அதை வாங்கி வாங்கி உதறின. துரை சுற்றிப் பார்த்தார். ஜீப் ஒன்றரை மைலுக்கு அப்பால் நின்றது. ஒன்பதாம் நம்பர் காட்டில் ஒதுங்க ஒரு செடிகூட இல்லை, அதையெல்லாம் தோண்டச் சொன்னவர்கள் அவருக்கு முன்னால் இருந்த துரைகள். தலையில் கை வைத்தார், காது சிவந்தது, தோளில் ஒரு கல் விழுந்து தெறித்தது.

லூர்தம்மாள் வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வாசல் துணியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கரடிமேட்டில் எஸ்டேட் வந்த நாளிலிருந்து எந்தத் துரையும் ஒரு தொழிலாளி வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. கூடாரத்தின் வாசல் இடுப்பு உயரம்தான். நின்றபடி யாரும் அதில் நுழைய முடியாது.

அடுத்த கல் விழுந்ததும் துரை குனிந்தார். நன்றாகவே குனிந்தார். ஒரு காலை உள்ளே வைக்கப் போனார்.

“பூட்ஸ வெளியவே கழட்டிருங்க துரை,” என்றாள் லூர்தம்மாள். “இது வீடு.”